தண்ணீர் எட்டாத மேட்டில் ஓர் அரியணை: நைஜீரியாவின் உரோமி ராஜ்ஜியம் பற்றித் தெரியுமா?

2025 மார்ச் 27. நைஜீரியாவின் தெற்கில் உள்ள ரிவர்ஸ் மாநிலத்தில் இருந்து வடக்கே கானோவுக்கு ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் வேட்டைக்காரர்கள். ரம்ஜான் பெருநாளைக்குச் சொந்த ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் உரோமி என்ற ஊரில் உள்ளூர் காவல் குழுவினர் வண்டியை மறித்தார்கள். சோதனை போட்டதில் நாட்டுத் துப்பாக்கிகள் கிடைத்தன. "கடத்தல்காரர்கள்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சேர்ந்துவிட்டது. அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டவர்கள் 16 பேர்.

அந்த வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. நைஜீரிய அதிபர் கண்டித்தார், விசாரணைக்கு உத்தரவிட்டார். எடோ மாநில ஆளுநர் கானோவுக்கே போய் இரங்கல் சொன்னார். உரோமி என்ற பெயரை நம்மில் பலர் முதல் தடவையாகக் கேட்டது அந்த ஒரு வாரத்தில்தான். கொலைச் செய்தியோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஆனால் உரோமி வெறும் நெடுஞ்சாலை ஊர் இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே ஒரு அரியணை இருக்கிறது. ஒரு பேரரசனை எதிர்த்து நின்ற ஊர் அது. பிரிட்டிஷ் படையை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்திய ஊர். நைஜீரியாவின் சுதந்திரத்துக்கு நாடாளுமன்றத்தில் முதல் தீர்மானம் கொண்டுவந்தவர் பிறந்த ஊரும் அதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உரோமி எங்க இருக்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் கட்டுரை முழுக்க 'பெனின்' என்ற பெயர் வரும். அது நைஜீரியாவுக்கு மேற்கே இருக்கும் பெனின் நாடு இல்லை. நைஜீரியாவுக்குள்ளேயே, எடோ மாநிலத்தின் தலைநகராக இருக்கும் பெனின் நகரம். வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன பழைய பெனின் பேரரசின் தலைநகரும் அதுவே. பக்கத்து நாடு 1975-ல் தன் பெயரை டஹோமியில் இருந்து பெனின் என்று மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த பெனின் நகரத்தில் இருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் எசான் மக்களின் நிலம் வரும். எக்போமா, இருவா, எவு, உபியாஜா, இகுவேபென், உரோமி என்று வரிசையாக ஊர்கள். நமக்கு ஊர்களாகத் தெரிந்தாலும் எசான் மக்களுக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனி ராஜ்ஜியம். வழக்கமாகச் சொல்லும் கணக்கு 35. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரசர். அவருக்கு 'ஒனோஜி' என்று பெயர். பலரைச் சேர்த்துச் சொன்னால் 'எனிஜி'. உரோமியின் அரசரை 'ஓஜுரோமி' என்பார்கள், இருவாவின் அரசர் 'ஓஜிருவா'.

இன்றைய அரசாங்க வரைபடத்தில் இந்த 35-ம் ஐந்து உள்ளாட்சிப் பகுதிகளுக்குள் அடங்கிவிடும். அதில் எசான் வடகிழக்கு என்ற பகுதிக்குத் தலைமையிடம் உரோமி. இன்னொரு ராஜ்ஜியமான உசியாவும் அதே பகுதிக்குள்தான் வருகிறது. இந்த உசியா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எசான் நிலத்தின் நடுப்பகுதி ஒரு மேட்டுநிலம். கடல் மட்டத்தில் இருந்து சில நூறு மீட்டர் உயரம். உரோமி உட்காந்திருப்பது அந்த மேட்டின் மேலேதான். கிழக்கே போகப்போக நிலம் இறங்கி, கடைசியில் நைஜர் ஆற்றங்கரையில் போய் முடியும். ஆற்றங்கரையில் இல்லூஷி என்ற பழைய படகுத்துறை. அந்தத் தாழ்நிலத்தில் நெல் விளைகிறது. மேலே செம்மண்ணில் சேனை மாதிரியான 'யாம்' கிழங்கு, மரவள்ளி, சோளம், எண்ணெய்ப்பனை, ரப்பர். ஒரே இனம், ஒரே மொழி, ஆனால் மேட்டில் இருப்பவர் வாழ்க்கை வேறு, ஆற்றோரம் இருப்பவர் வாழ்க்கை வேறு.

பெனினில் இருந்து தலைநகர் அபுஜாவுக்குப் போகும் பெரிய சாலை எக்போமா, இருவா, எவு வழியாகப் போகிறது. உரோமி அதற்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கிறது. தெற்கே டெல்டா மாநிலத்தின் அக்போர் பக்கமிருந்து வடக்கே ஏறும் வண்டிகளுக்கு இது ஒரு குறுக்கு வழி. அந்த வேட்டைக்காரர்கள் இந்த ஊருக்குள் வந்ததும் அப்படித்தான்.

மழை கொட்டும், ஆனா குடிக்கத் தண்ணி இல்லை

இந்த மேட்டின் விசித்திரம் இதுதான். வெப்பமண்டல மழைக்காட்டு ஓரம். ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நல்ல மழை. ஆனாலும் உரோமி, எக்போமா மாதிரியான ஊர்களில் தண்ணீர்ப் பஞ்சம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தண்ணீரை வேகமாக உறிஞ்சும் செம்மண், அதற்குக் கீழே தடிமனான மணற்படிவம். விழுகிற மழை மேலே தங்காமல் நேராகக் கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டம் மிக ஆழத்தில். கையால் கிணறு வெட்டி எட்டவே முடியாது. ஆழ்துளை போட்டாலும் நூறு மீட்டருக்கும் கீழே போக வேண்டியிருக்கும். அவ்வளவு ஆழத்துக்குத் துளை, அதில் இருந்து இழுக்கிற மோட்டார், அதை ஓட்ட மின்சாரம். மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அங்கே பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம்.

அப்போ மக்கள் என்ன செய்வார்கள்? மேட்டின் விளிம்பில், நிலம் சரிகிற இடங்களில் ஊற்றுகள் உண்டு. அந்தக் காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் குடத்தோடு சரிவில் இறங்கி, நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். தகரக் கூரை வந்த பிறகு வீட்டு முற்றத்தில் நிலத்துக்கடியில் தொட்டி கட்டி, கூரை மழையைச் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்தது. மழைக்காலத்தில் நிரப்பிய தொட்டி நவம்பருக்குப் பிறகு, சகாராவில் இருந்து ஹர்மட்டன் என்ற வறண்ட புழுதிக்காற்று வீசத் தொடங்கும்போது கைகொடுக்கும். தொட்டி தீர்ந்தால் டேங்கர் லாரிதான். அரசாங்கம் பல தடவை குழாய்த் திட்டங்கள் போட்டது, தொடர்ந்து ஓடியவை குறைவு.

மண் இன்னொரு விதத்திலும் வேலை காட்டும். மணற்பாங்கான சரிவில் மழைநீர் ஓடினால் பள்ளம் பறித்துக்கொண்டே போகும். எவு பக்கம் இப்படிப் பெரிய பள்ளங்கள் வீடுகளையும் சாலையையும் விழுங்கியிருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் போய்க் குடியேறினார்கள்? அதற்கு எசான் மக்கள் சொல்லும் பதில் ஒரு கதை.

'ஓடிப்போனவர்கள்': பெயர் வந்த கதை

15-ஆம் நூற்றாண்டு. பெனினை ஆண்டவர் எவுவாரே. பெனின் அரசருக்கு 'ஓபா' என்று பட்டம். எவுவாரே பெரிய ஆட்சியாளர், நகரத்தை விரிவாக்கியவர், நிறைய ஊர்களை வென்றவர். அவருடைய இரண்டு மகன்கள் ஒரே நாளில் இறந்துபோனார்கள். ஒருவருக்கு ஒருவர் விஷம் வைத்துக்கொண்டார்கள் என்கிறது மரபுக்கதை.

துக்கத்தில் உடைந்த ஓபா ஒரு சட்டம் போட்டார். மூன்று வருஷத்துக்கு நாட்டில் யாரும் குளிக்கக்கூடாது, அலங்காரம் செய்யக்கூடாது, கணவன் மனைவி சேரக்கூடாது. தன் வீட்டுத் துக்கத்தை நாடே அனுபவிக்க வேண்டும் என்று ஒரு அரசன் நினைத்தால் என்ன ஆகும்? ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் ஓடினார்கள். அப்படி ஓடிப்போனவர்களை பெனின் மொழியில் 'எசான்ஃபுவா' என்றார்கள். அது சுருங்கி எசான் ஆனது. பின்னால் வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வாயில் அது 'இஷான்' என்று திரிந்தது. பழைய ஆவணங்களில் அந்த எழுத்துதான் இருக்கும்.

இந்தக் கதையை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவுவாரே காலத்துக்கு முன்பே அந்தக் காடுகளில் மக்கள் இருந்தார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அகதிகள் வந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது ஏற்கனவே ஆள் இருந்த நிலத்துக்கு. இரண்டு கூட்டமும் கலந்து உருவானவைதான் இந்த ராஜ்ஜியங்கள்.

ஓடியவர்களை எவுவாரே மறக்கவில்லை. ஆள் குறைந்தால் படையும் குறையும், வரியும் குறையும் இல்லையா? எசான் ஊர்த் தலைவர்களை பெனினுக்கு அழைத்து, 'ஒனோஜி' என்ற பட்டம் கொடுத்து, தன் பேரரசுக்குக் கட்டுப்பட்ட அரசர்களாக்கினார் என்கிறது மரபு. வந்தவர்களும் உண்டு, சந்தேகத்தில் வராமல் இருந்தவர்களும் உண்டு. அன்றிலிருந்து எசான் அரசர்கள் பெனினுக்குக் கப்பம் கட்ட வேண்டும், போர் வந்தால் ஆள் அனுப்ப வேண்டும். காட்டில் ஒருவன் சிறுத்தையைக் கொன்றால் அது அவனுக்குச் சொந்தம் இல்லை, ஒனோஜியிடம் கொண்டுபோக வேண்டும். சிறுத்தை அங்கே அரச மிருகம்.

உசியா போர்: இரண்டு அரசர்களும் திரும்பவில்லை

இந்த ஏற்பாட்டுக்கு உரோமி ஒத்துவரவில்லை. எவுவாரேவுக்குப் பின்னால் அவர் மகன் ஒசோலுவா ஓபா ஆனார். போர்வெறி பிடித்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் காலத்தில்தான் போர்த்துகீசியர்கள் முதன்முதலில் பெனினுக்கு வந்தார்கள். உரோமியை அப்போது ஆண்டவர் அக்பா. பெனினுக்குப் பணிந்து போக மாட்டேன் என்று நின்றவர்.

1502-03 வாக்கில் போர் வெடித்தது. பெனின் படை உரோமியை எளிதில் மடக்க முடியவில்லை. போரின் கடைசிக் கட்டம் நடந்தது, நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பக்கத்து ராஜ்ஜியமான உசியாவில். அதனால்தான் இதற்கு 'உசியா போர்' என்று பெயர். அக்பா அங்கே உயிரிழந்தார். ஓபா ஒசோலுவாவும் அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. ஓயாத போரில் சலித்துப்போன சொந்தப் படையினரே அவரைத் தீர்த்துவிட்டார்கள் என்பது பெனின் பக்கம் பதிவாகியிருக்கும் கதை. எசான் பக்கம் வேறு மாதிரி சொல்வார்கள்.

யார் சொல்வது சரி என்று இன்றைக்குத் தீர்ப்பு சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று கவனியுங்கள். பெனின் மரபில் ஒசோலுவாவுக்கு உள்ள அடைமொழியிலேயே உரோமியின் பெயர் ஒட்டியிருக்கிறது: 'ஒசோலுவா நிபரோமி'. எத்தனையோ ஊர்களை வென்ற அரசனை இந்த ஒரு ஊரின் பெயரால் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இன்று உரோமிக்கும் உசியாவுக்கும் ஒரே உள்ளாட்சி மன்றம்.

வெள்ளைக்காரனுக்கு அடங்காத ஒக்பிடி

அடுத்த பெரிய மோதல் நாலு நூற்றாண்டு கழித்து. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைப் பிடித்து எரித்தது. ஆயிரக்கணக்கான வெண்கல, தந்தச் சிற்பங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஓபா ஒவோன்ராம்வெனைக் கலாபருக்கு நாடு கடத்தினார்கள். தலைநகரம் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழும் என்று நினைத்திருக்கலாம். எசான் ராஜ்ஜியங்கள் அப்படி விழவில்லை.

உரோமியில் அப்போது ஒனோஜியாக இருந்தவர் ஒகோலோ. பிரிட்டிஷ் படையை எதிர்த்ததில் அவர் கொல்லப்பட்டார். 1900-ல் அவர் மகன் ஒக்பிடி ஒகோஜி பதவிக்கு வந்தார். சுமார் ஆறு மாதம் எதிர்ப்பு நீடித்தது. மேட்டையும் காட்டையும் அறிந்தவர்களுக்கும், பீரங்கி வைத்திருப்பவர்களுக்கும் நடந்த சண்டை. முடிவில் ஒக்பிடி பிடிபட்டார். அவரையும் கலாபருக்கே அனுப்பினார்கள்.

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகள் இங்கே முடிந்துவிடும். ஒக்பிடி கதை இங்கேதான் தொடங்குகிறது. அவர் திரும்பி வந்தார், மறுபடி ஆண்டார், அதிகாரிகளோடு மறுபடி முட்டிக்கொண்டார். மறுபடி ஊரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டார். இபதானில் இருந்தார், பிறகு பெனினில் வைக்கப்பட்டார். 1931-ல் அங்கிருந்து தப்பி உரோமிக்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. 1944-ல் இறக்கும்வரை அவர்தான் ஒனோஜி.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அந்தக் கால அரசர், அரசருக்குரிய கெடுபிடியோடு ஆண்டவர்தான். ஆனால் பிரிட்டிஷ் நிர்வாகம் ஆப்பிரிக்க அரசர்களைத் தலையாட்டும் பொம்மைகளாக வைத்து வரி வசூலித்த காலத்தில், தலையாட்டாத ஒருவர் இருந்தார் என்பதை உரோமி மறக்கவில்லை.

பேரன் கொண்டுவந்த தீர்மானம்

ஒக்பிடி தப்பி வந்தபோது அவர் மகள் இனிபோகுனின் மகனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். 1923-ல் உரோமியில் பிறந்த அந்தப் பையன் அந்தோணி எனஹோரோ. 21 வயதில் ஒரு நாளிதழின் ஆசிரியர். ஆட்சிக்கு எதிராக எழுதியும் பேசியும் சிறைக்குப் போனார்.

1953 மார்ச் 31 அன்று லாகோஸில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் சபையில் எனஹோரோ எழுந்து, 1956-க்குள் நைஜீரியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வடக்குத் தலைவர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தேதி குறிக்க வேண்டாம், இயன்றவரை சீக்கிரம் என்று மாற்றலாம் என்றார்கள். தெற்கு உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். இந்தப் பகை தெருவுக்கு வந்தது. மே மாதம் கானோவில் வடக்கத்தியர்களுக்கும் தெற்கத்தியர்களுக்கும் இடையே கலவரம், உயிர்ப்பலி.

தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. சுதந்திரம் வந்தது 1960 அக்டோபர் 1-ல். ஆனாலும் முதல் தீர்மானம் என்ற பெயர் எனஹோரோவுக்கு நின்றுவிட்டது. 2010-ல் காலமானார்.

உரோமி, கானோ. 1953-ல் ஒரே செய்தியில் வந்த இந்த இரண்டு பெயர்களும் 2025 மார்ச்சில் மறுபடி ஒரே செய்தியில் வந்தன. முன்னது அரசியல், பின்னது கடத்தல் பயம் கிளப்பிய கும்பல் வெறி. ஆனால் வடக்கில் இருந்து வருபவன் மீதான சந்தேகம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ராஜ்ஜியம் எப்படி நடக்குது?

ராஜா என்றதும் கிரீடம், கோட்டை என்று நினைக்க வேண்டாம். எசான் ராஜ்ஜியம் என்பது கிராமங்களின் கூட்டு. உரோமிக்குள் எஃபாண்டியோன், அமெடோகியான், அருவே, இவுவே, ஒனேவா, உனுவாசி, உக்கோனி என்று இருபதுக்குக் குறையாத கிராமங்கள். அரண்மனை இருக்கும் இடத்துக்கு 'எகுவாரே' என்று பெயர். எந்த எசான் ராஜ்ஜியத்துக்குப் போனாலும் அரசர் குடியிருக்கும் பகுதி எகுவாரேதான்.

கிராமத்தை நடத்துவது அரசர் இல்லை, வயதில் மூத்த ஆண். அவருக்கு 'ஒடியோன்வெலே' என்று பெயர். தேர்தல் கிடையாது, நியமனம் கிடையாது. ஊரிலேயே வயதானவர் யாரோ அவர்தான். அவருக்குக் கீழே ஆண்கள் வயது வாரியாகக் குழுக்களாகப் பிரிந்திருப்பார்கள். சின்னப் பசங்க பாதை பெருக்குவார்கள், பொது இடத்தைச் சுத்தம் செய்வார்கள். வாலிபர்கள் கடினமான வேலைகளையும் ஊர்க்காவலையும் பார்ப்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து வழக்கு பேசுவார்கள்.

இன்றைய காவல் குழுக்களை இந்தப் பழைய வாலிபர் குழுக்களின் நேரடி வாரிசு என்று சொல்லிவிட முடியாது. ஒரு வித்தியாசம் முக்கியம். அந்தக் காலத்தில் பிடிபட்டவனைப் பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கேள்வி கேட்டு முடிவு செய்வது அவர்கள் வேலை. 2025 மார்ச் 27 அன்று அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் நடுவில் இல்லை.

அரச பதவி மூத்த மகனுக்கு. சும்மா கிடைக்காது. தந்தைக்கான ஈமச் சடங்குகளை முழுமையாகச் செய்து முடித்த பிறகுதான் மகனுக்கு உரிமை. அரசருக்கு மட்டும் இல்லை, சாதாரணக் குடும்பத்துக்கும் இதேதான். அப்பா குடியிருந்த வீடு மூத்தவனுக்கு. சடங்கு முடியாமல் சொத்து கைமாறக் கூடாது.

அப்போ ஆண் பிள்ளை இல்லாதவர்? அதற்கு எசான் வழக்கத்தில் 'அரேபோவா' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு மகளைக் கட்டிக்கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு விருப்பமானவரோடு பிள்ளை பெறலாம். ஆனால் பிறக்கும் குழந்தை அவளுடைய அப்பாவின் வம்சத்துக்குச் சொந்தம். பெண்ணுக்கே சொத்தைக் கொடுத்துவிட்டால் இத்தனை சுற்று வேண்டாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அந்தச் சமூகம் அந்த வழியை எடுக்கவில்லை.

இந்தச் சட்டங்களை எல்லாம் எழுதி வைத்தவர் ஒரு டாக்டர். உக்போஹா ராஜ்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஒகோஜி, இருவாவில் மருத்துவமனை நடத்தியவர். நோயாளி பார்த்த நேரம் போக ஊர் ஊராகப் பெரியவர்களிடம் கேட்டு, எசான் வழக்கங்கள் பற்றி 1960-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மேலே படித்த பல விஷயங்கள் இன்று நமக்குத் தெரிவதற்கு அவர் முக்கியக் காரணம்.

சரி, இன்றைய ஒனோஜிக்கு என்ன அதிகாரம்? நைஜீரியாவின் 1999 அரசியலமைப்பு பாரம்பரிய அரசர்களுக்கு ஆட்சி அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. மரபுப்படி வாரிசு வந்தாலும் மாநில அரசு அங்கீகரித்துச் செங்கோல் கொடுக்க வேண்டும். அரசு நினைத்தால் இடைநீக்கமும் செய்யலாம். ஆனால் நிலத் தகராறு, குடும்ப வழக்கு, ஊர்ச் சண்டை என்றால் ஜனங்கள் இன்னமும் முதலில் போவது அரண்மனைக்குத்தான். சம்பிரதாயத்தில் எசான் அரசர்களுக்குள் முதல் மரியாதை இருவா அரசருக்கு. அவருக்கு 'ஒகைஜேசான்' என்று பட்டம்.

அந்த இருவாவைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். எலிகள் மூலம் பரவும் லாசா காய்ச்சலுக்கு நைஜீரியாவின் முக்கியமான சிகிச்சை, ஆய்வு மையம் அங்கே உள்ள அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறது. எக்போமாவில் 1981-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ஆளுநர் ஆம்ப்ரோஸ் ஆலி ஒரு எசான்காரர். இன்று அவர் பெயரிலேயே இயங்குகிறது.

குட்டிக்கரணம் போடும் ஆவிகள்

எசான் கலைகளில் கண்ணைப் பறிப்பது 'இக்பாபோனெலிமின்' ஆட்டம். முகத்தை மூடி, உடம்பு முழுக்க நாரும் துணியும் சோழியும் வைத்துத் தைத்த உடை. அதோடு அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவார்கள், சுழல்வார்கள், கையை ஊன்றித் தலைகீழாகப் பாய்வார்கள். ஆடுபவர்கள் மனிதர்கள் இல்லை, முன்னோர் உலகத்தில் இருந்து வந்த ஆவிகள் என்பது நம்பிக்கை. உள்ளே யார் என்பது ஆண்கள் மட்டும் அறிந்த ரகசியம், பெண்கள் கேட்கக் கூடாது. பிள்ளைகள் சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கிவிடுவார்கள். உடம்பு வில்லாக வளையாவிட்டால் அங்கே வேலை இல்லை.

சத்தமில்லாத கலை ஒன்றும் உண்டு. 'அசோலோகுன்' என்ற சின்ன வாத்தியம், கட்டைவிரலால் மீட்டுவது. ராத்திரி வேளையில் ஒருவர் இதை மீட்டிக்கொண்டே கதை சொல்ல, சுற்றி இருப்பவர்கள் இடையிடையே பாடுவார்கள். பெண்கள் வீட்டிலேயே செங்குத்துத் தறி போட்டுப் பருத்தித் துணி நெய்தார்கள். அது ஆற்று வழியாகத் தூரத்துச் சந்தைகளுக்குப் போனது. இப்போது தறி இருக்கும் வீடு அரிது. விழா நாட்களில் தலைவர்கள் போர்த்திக்கொள்ளும் பழைய துணிகள் பெட்டிகளில் இருக்கின்றன.

சாப்பாடு என்றால் இடித்த யாம், எசான் மொழியில் 'எமா'. உரலில் இடித்து உருண்டையாக்கி, குழம்பில் தொட்டு விழுங்குவது. யாம் அங்கே உணவு மட்டும் இல்லை, ஒரு ஆளின் அந்தஸ்து. யாம் கட்டி வைத்த பந்தல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய விவசாயி.

மண்ணுக்குள் ஒரு மதில்

கடைசியாக, பார்த்தும் பலர் கவனிக்காத ஒன்று. பெனின் நகரத்தைச் சுற்றி ஆழமான அகழியும், தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடும் உண்டு. உள்ளூரில் 'இயா' என்பார்கள். இது பெனினோடு நிற்கவில்லை. ஊரைச் சுற்றி ஒன்று, பக்கத்து ஊரைச் சுற்றி ஒன்று என்று தேன்கூடு மாதிரி எசான் நிலம் வரை நீள்கிறது.

பாட்ரிக் டார்லிங் என்ற ஆய்வாளர் வருஷக்கணக்கில் காட்டுக்குள் நடந்து இவற்றை அளந்தார். 1984-ல் வெளியான அவர் ஆய்வு நூலின் தலைப்பிலேயே பெனினும் இஷானும் சேர்ந்து இருக்கின்றன. அவர் கணக்குப்படி மொத்த நீளம் சுமார் 16,000 கிலோமீட்டர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைச் சுற்றி ஓடுபவை. கல் இல்லை, செங்கல் இல்லை, யந்திரம் இல்லை. கூடையும் கைக்கருவியும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியது. எவுவாரேவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 'ஓடிப்போனவர்கள்' கதைக்கு முன்பே அந்த நிலத்தில் ஆட்கள் நிலையாக வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த மதில்கள் 1995 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இறுதிப் பட்டியலுக்கு இன்னும் போகவில்லை. அதற்குள் பல இடங்களில் அகழி குப்பைக் குழி ஆகிவிட்டது. மேட்டு மண்ணை வீடு கட்ட வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று சட்டம் சொல்கிறது. லாரியை நிறுத்திக் கேட்க ஆள் இல்லை.